கொள்ளைநோயும் கஜானாவும் – 9: ‘இழப்பீடு உளதாயின்’

1896-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 23-ஆம் தேதி, பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டித் தானிய மண்டிகளும் கிடங்குகளும் தோளோடு தோள் இடித்துக் கிடந்த மாண்ட்வி வட்டாரத்தில், கோவாவிலிருந்து வந்து அந்நகரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவரும் நகரசபை அங்கத்தினருமான டாக்டர் ஆகாசியோ காப்ரியேல் வியேகாஸ், கடும் ஜுரமும் நெறிகட்டியுமாகக் கிடந்த ஒரு நோயாளியைப் பரிசோதித்துவிட்டு, இது பிளேக் என்று துணிந்து சொன்னார். ஹாங்காங்கில் இரண்டு வருஷங்களுக்கு முன் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோன அதே வியாதி கப்பலேறி வந்து இறங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள நகரத்தின் பெரிய மனிதர்களுக்கு மனம் வரவில்லை. வர்த்தகமே ஜீவனாக உள்ள ஓர் ஊருக்கு அந்தப் பெயரே நஷ்டம் அல்லவா? ஆயினும் அக்டோபர் பிறந்ததும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. வைத்தியர் நோய்க்குப் பெயர் வைத்த மறுகணமே, எக்காலத்திலும் எத்தேசத்திலும் எழுகிற அந்த இரண்டாவது கேள்வி இங்கும் எழுந்தது: செலவு யாருடையது?

பம்பாய் நகரசபை 1888-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் நடந்தது. நிதியை மஞ்சூர் செய்வது பிரஜைகளின் பிரதிநிதிகள் நிறைந்த சபை. அதைச் செலவிட்டுக் காரியம் நடத்துவது சர்க்கார் நியமித்த கமிஷனர். அப்போது கமிஷனராயிருந்த ஸ்னோ என்பவர், ஆபத்தான தொற்றுநோய் வந்தால் விசேஷ ஏற்பாடுகள் செய்யலாம் என்று அச்சட்டம் தந்திருந்த அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அழுக்கே நோய்க்கு மூலம் என்று அக்காலத்து வைத்திய சாஸ்திரம் நம்பியபடியே, அழுக்கின்மேல் படையெடுத்தார். சாக்கடைகளில் கடல்நீரும் கார்பாலிக் திராவகமும் இரவு பகலாகப் பாய்ந்தன. சுவர்களுக்கெல்லாம் சுண்ணாம்பு பூசப்பட்டது. வெளிச்சம் நுழையாத அறைகளுக்குச் சூரியனைக் காட்டவேண்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்துப்போட்டார்கள். நோய் கண்டு இறந்தவர் வீட்டுச் சுவரில், இறப்பு ஒன்றுக்கு ஒரு வட்டமாக வரைந்து அருகில் தேதியையும் எழுதிவிட்டுப் போனார்கள். அக்காலத்துப் புகைப்படம் ஒன்றில், ஒரே வாசலின் இரு புறத்திலும் அத்தகைய வட்டங்கள், பால்காரி சுவரில் போட்டு வைக்கும் கணக்குக் கோடுகளைப்போல வரிசையாக ஏறிக்கொண்டு போவதைக் கண்டபோது, நான் எண்ணத் தொடங்கிப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

இவ்வளவு சுண்ணாம்புக்கும் திராவகத்துக்கும் கூலிக்கும் கொடுத்த பணம் நோயைத் தடுத்ததா என்றால், இல்லை. எலியின் உடம்பில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயை மனிதனுக்குக் கொண்டுவருகிறது என்று பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர் கராச்சியில் பரீட்சை செய்து கண்டது 1898-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில்தான். அதையும் உலகம் ஒப்புக்கொள்ளச் சில வருஷங்கள் பிடித்தன. சாக்கடையில் திராவகத்தைக் கொட்டியபோது அங்கிருந்த எலிகள் வீடுகளுக்குள் ஏறியிருக்கும் என்று இன்று நாம் சொல்லலாம். ஆனால் அன்று இருட்டில் நின்றவர்களை அதற்காகக் குற்றம் சொல்லுவது நியாயமாகாது. நான் குற்றம் காண்பது வேறொரு விஷயத்தில்.

அக்டோபர் 6-ஆம் தேதி வெளியான ஓர் உத்தரவு, நோய் கண்டவர்களைப் பலாத்காரமாகவேனும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இடம் தந்தது. ஆஸ்பத்திரி என்றாலே ஜாதியும் ஆசாரமும் கெட்டு, உற்றார் முகம் பாராமல் சாகும் இடம் என்று நடுங்கிய ஜனங்கள், நோயாளிகளை அலமாரிக்குப் பின்னும் மூட்டைகளுக்கு நடுவிலும் மறைத்து வைக்கலானார்கள். அம்மாதம் 29-ஆம் தேதி, சுமார் ஆயிரம் ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். உடனே உத்தரவின் கடுமை தளர்ந்தது. தளர்ந்ததற்கு ஸ்னோ தம் அறிக்கையில் சொல்லும் காரணம் சிந்திக்கத்தக்கது: நகரத்தின் மலத்தை அள்ளிச் சுமக்கும் ஹலால்கோர் ஜாதியார் பீதியடைந்து ஊரைவிட்டுப் போய்விட்டால், பிளேக் இன்றியே அந்நகரம் வாசத்துக்கு லாயக்கற்றதாகிவிடும் என்ற அச்சமே அது. கார்பாலிக் பீப்பாய்களுக்குக் கணக்குப் பார்த்தவர்கள், அந்நகரத்தின் உயிர் யார் தலைமேல் கூடையில் சுமக்கப்படுகிறது என்பதை அன்றுதான் கண்டார்கள். ஹலால்கோர்கள் போகவில்லை, நின்று வேலை செய்தார்கள்.

மற்றவர்கள் போனார்கள். 1891-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி எட்டு லட்சத்து இருபதினாயிரம் பேர் இருந்த நகரத்தில், 1897 பிப்ரவரிக்குள் ஏறக்குறையப் பாதிப் பேர் ரயிலேறியும் படகேறியும் நடந்தும் வெளியேறிவிட்டார்கள். ஆலைகளில் ஆள் இல்லை. மாதச் சம்பளத்தை மாதக்கணக்கில் நிறுத்திவைத்துக் கொடுப்பதே வழக்கமாயிருந்த முதலாளிகள், அன்றன்றைக்கே கூலி தருவதாகச் சொல்லித் தெருமுனையில் நின்று ஒருவருக்கு மேல் ஒருவர் ஏலம் கேட்டு ஆள் பிடித்தார்கள். வீடுகள் பூட்டிக் கிடந்தால் வீட்டு வரி எங்கிருந்து வரும்? நகரசபையின் செலவு நாளுக்கு நாள் ஏறிய அதே மாதங்களில்தான் அதன் வரும்படிக்கு ஆதாரமான ஜனமும் கரைந்தது. கொள்ளைநோய்க் காலத்து நிதி விவகாரம் எதற்கும் இதுவே மூலமுடிச்சு. எந்த ஊர் மிகுதியாகச் செலவிட வேண்டியிருக்கிறதோ, அந்த ஊருக்கே அப்போது சக்தி மிகவும் குறைந்திருக்கும். அக்கம்பக்கத்து ஊர்களும், அவற்றுக்கு மேலே உள்ள பெரிய பொக்கிஷமும் கைகொடுத்தாலன்றி அந்த முடிச்சு அவிழாது.

பெரிய பொக்கிஷம் கைகொடுப்பதற்கு முன்பே அதிகாரம் வந்து சேர்ந்தது. ஐரோப்பிய ராஜ்யங்கள் பம்பாய்ச் சரக்குகளைத் தங்கள் துறைமுகங்களில் இறக்கவிடாமல் தடுக்க ஆயத்தமாயின. பிளேக்கைப் பற்றி மட்டுமே ஆலோசிப்பதற்காக வெனிஸ் நகரில் ஒரு சர்வதேச சுகாதார மகாநாடு கூட இருந்தது. ஜனவரியில் பார்லிமெண்டைத் திறந்துவைத்த விக்டோரியா மகாராணியின் பிரசங்கத்தில், இந்நோயை வேரறுக்க மிகக் கடுமையான நடவடிக்கைகளை எடுக்கும்படி இந்திய சர்க்காருக்குக் கட்டளையிட்டிருப்பதாகச் சொல்லப்பட்டது. அதன்பின் கல்கத்தாவில் காரியங்கள் துரிதமாக நடந்தன. ஜனவரி 28-ஆம் தேதி சர் ஜான் வுட்பர்ன் சட்டசபையில் ஒரு மசோதாவைப் பிரேரேபித்தார். பிப்ரவரி 4-ஆம் தேதி அது சட்டமாயிற்று. 1897-ஆம் வருஷத்துத் தொற்றுநோய்கள் சட்டம் என்று பிரசித்தமான அதில் இருந்தவை நான்கே பிரிவுகள். ஒரு தாளின் இரு பக்கத்தில் அடங்கிவிடும்.

அந்த நான்கில் இரண்டாவது பிரிவை வாசகர்கள் என்னோடு சேர்ந்து சற்று நிதானமாகப் பார்க்கவேண்டுகிறேன். வழக்கமான சட்டங்கள் போதா என்று சர்க்கார் கருதினால், தனக்கு அவசியம் என்று தோன்றும் எந்த ஏற்பாட்டையும் செய்யலாம், செய்யும்படி எவரையும் ஏவலாம், எந்த விதியையும் விதிக்கலாம் என்று அது ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போகிறது. வாக்கியம் முடியப்போகிற தறுவாயில், உண்டாகும் செலவுகளை எவ்விதமாக, யார் ஏற்பது என்பதையும் சர்க்காரே தீர்மானிக்கலாம் என்று சேர்த்துக்கொள்கிறது. அந்தச் செலவுகளோடு, அடைப்புக் குறிகளுக்குள்ளே, ‘இழப்பீடு உளதாயின் அதுவும் உட்பட’ என்று ஒரு சிறு தொடர் இருக்கிறது. வீடு இடிபட்டவனுக்கும் துணிமணி கொளுத்தப்பட்டவனுக்கும் அச்சட்டத்தில் உள்ள இடம் அந்த அடைப்புக் குறிகளுக்குள்ளேதான். இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று அது சொல்லவில்லை. கொடுத்தால் எந்தக் கணக்கில் எழுதுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லுகிறது. நான்காவது பிரிவோ, நல்லெண்ணத்தோடு காரியம் செய்தவர் எவர்மேலும் வழக்கில்லை என்று கதவைச் சாத்திவிட்டது.

சட்டம் கைக்கு வந்ததும், மார்ச் மாதத்தில், கவர்னர் சாண்ட்ஹர்ஸ்ட் பிரபு பிரிகேடியர் ஜெனரல் கேட்டேக்கர் என்ற ராணுவ அதிகாரியின் தலைமையில் ஒரு பிளேக் கமிட்டியை நியமித்தார். பிளேக் சம்பந்தமான அதிகாரம் நகரசபையை விட்டுக் கமிட்டிக்குப் போயிற்று. செலவின் முதற்பாரமோ நகரசபையின் தலையிலேயே நின்றது. ஒருவர் பந்தி விசாரிக்க, மற்றொருவர் பலசரக்குக் கடைக்காரனுக்குப் பதில் சொல்லும் நிலைமையை நகரசபையார் எவ்வளவு கசப்போடு ஏற்றார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

கல்கத்தாப் பொக்கிஷத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். அப்போது நிதி மந்திரியின் ஸ்தானத்தில் இருந்தவர் சர் ஜேம்ஸ் வெஸ்ட்லண்ட். அதே 1896–97 வருஷங்களில், பின்னாளில் ஐக்கிய மாகாணங்கள் என்று பெயர்பெற்ற பகுதியிலிருந்து தக்ஷிணம் வரை பெரும் பஞ்சம் விரிந்து கிடந்தது. அதன் நிவாரணத்துக்கு மட்டும் ஏழே கால் கோடி ரூபாய் செலவாயிற்று. ஒன்றே கால் கோடி நிலவரி தள்ளுபடியாயிற்று. வடமேற்கு எல்லையில் திராஹ் யுத்தம் வந்து அதற்கும் பணம் வேண்டியிருந்தது. மாகாணங்களோடு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும்படியைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் 1897-இல் புதுப்பிக்கப்பட்டது. பஞ்சமும் பிளேக்கும் சேர்ந்து அந்தக் கணக்கையெல்லாம் தலைகீழாக்கின. பஞ்சத்துக்கு என்ன செய்வது, யார் செய்வது, எவ்வளவு கூலி, எந்தக் கணக்கு என்று 1880-ஆம் வருஷத்துக் கமிஷனின் பயனாகப் பஞ்ச விதித்தொகுப்புகள் எழுதப்பட்டிருந்தன. நோய்க்கு அப்படி எழுதிய விதி எதுவும் இல்லை. பசியால் சாகிறவனுக்குச் செலவிடுவது ராஜ்யத்தின் கடமை என்று ஒருவாறு ஒப்புக்கொண்ட அரசாங்கம், நோயால் சாகிறவனை ஊர்ச்சபையின் பொறுப்பு என்றே எண்ணியிருந்தது. இந்த ஒரு பேதத்தில்தான் அத்தனை தகராறும் அடங்கியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதே மாதங்களில், ஏழாயிரம் மைலுக்கு அப்பால் லண்டனில், இதே கேள்வி வேறொரு கோலத்தில் விசாரணையில் இருந்தது. இந்தியாவின் ராணுவச் செலவையும் சிவில் செலவையும் பரிசீலிக்கவும், இரு தேசங்களுக்கும் பொதுவான காரியங்களின் செலவை எவ்வாறு பங்கிடுவது என்று சொல்லவும் நியமிக்கப்பட்ட வெல்பி கமிஷனின் முன், தாதாபாய் நவ்ரோஜி அங்கத்தினராக வீற்றிருக்க, பம்பாயிலிருந்து தின்ஷா வாச்சாவும், வங்காளத்திலிருந்து சுரேந்திரநாத் பானர்ஜியும், சென்னையிலிருந்து நம்முடைய ஜி. சுப்பிரமணிய ஐயரும், பூனாவிலிருந்து முப்பத்தோராவது வயது இன்னும் நிரம்பாத கோபால கிருஷ்ண கோகலேயும் சாக்ஷி சொல்லப் போயிருந்தார்கள். ‘சுதேசமித்திரன்’ வாயிலாகத் தமிழில் அரசியல் பேசக் கற்றுக்கொடுத்த ஐயர், இந்தியக் குடியானவன் கொடுக்கும் வரி எங்கே போகிறது என்று சாம்ராஜ்யத்தின் தலைநகரிலேயே நின்று கேட்டார். வரி கொடுப்பவனுக்குச் செலவில் வாக்கு இல்லை என்பதே அவர்கள் அனைவருடைய முறையீட்டின் சாரம். அந்த முறையீட்டுக்குப் பம்பாயும் பூனாவும் அப்போதே கண்கண்ட அத்தாட்சியாகிக் கொண்டிருந்தன.

பூனாவின் கதை பலரும் அறிந்ததே ஆயினும், இத்தொடரின் நோக்கத்துக்கு வேண்டிய அளவு சொல்லாமல் தீராது. அங்கே பிளேக் கமிட்டியின் தலைவராக வந்த ராண்ட் என்ற உத்தியோகஸ்தர், மார்ச் முதல் மே வரை, வெள்ளைச் சிப்பாய்களை வீடு வீடாக நுழைந்து தேடும்படி ஏவினார். நாட்டு ஆட்களை நம்ப மனமில்லாமையே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். முன்பே சம்பளம் வாங்கும் சிப்பாய்க்குப் புதிதாகக் கூலி வேண்டாம் என்ற எண்ணமும் உள்ளூர இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். அடுப்படியிலும் பூஜையறையிலும் பூட்ஸ் கால்கள் ஏறின. பெண்களைத் தெருவில் நிறுத்தி நெறிகட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். லண்டனில் இருந்த கோகலேக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்கள் இதற்கும் மேலான அக்கிரமங்களைச் சொல்ல, அவர் அவற்றைப் பத்திரிகையில் வெளிப்படுத்தினார். தாய்நாடு திரும்பியபின், எழுதியவர்கள் ஒருவரும் முன்வந்து நிரூபிக்கத் துணியாமற் போகவே, நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அந்த மன்னிப்புக்காக அவரைத் தூற்றியவர் பலர். நிரூபிக்க இயலாததை நிரூபிக்க இயலாது என்று சொன்ன அந்த மனிதரின் நேர்மையைக் குறைத்து மதிப்பிட என்னால் ஆகவில்லை.

ஜூன் 22-ஆம் தேதி, மகாராணியின் வைரவிழா வாணவேடிக்கை முடிந்து திரும்பும் வழியில், ராண்டும் லெப்டினெண்டு அயர்ஸ்ட் என்பவரும் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார்கள். பின்னர் பூனாவில் விசேஷப் போலீஸ் படை ஒன்று நிறுத்தப்பட்டது. அதன் செலவு ஊர் ஜனங்கள்மேல் வரியாக விழுந்தது. நோய்க்கும் அவர்களே கொடுத்தார்கள். காவலுக்கும் அவர்களே கொடுத்தார்கள். கஜானாவுக்கு வெளியே நடந்த காரியங்களும் உண்டு. ஊரைவிட்டு ஓடாமல் நின்ற திலகர் ஹிந்துக்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார். பூனாவுக்கு வெளியே, வளர்ப்பு மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை நிலையத்தில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த சாவித்திரிபாய் பூலே, அந்த நோயே பற்றி, 1897 மார்ச் 10-ஆம் தேதி காலமானார்.

பம்பாயிலும் பார்சிகள், பாட்டியாக்கள், ஜைனர்கள் என்று அவரவர் சமூகத்தார் தங்கள் பொருளைக் கொண்டு தனி ஆஸ்பத்திரிகளைத் திறந்தார்கள். தன் ஜாதியார் நடுவில், தன் ஆகாரத்தை உண்டு கிடக்கலாம் என்றதும், பலாத்காரத்துக்கு அடங்காதவர்கள் தாமே வந்து படுத்தார்கள். சர்க்காருக்கு ஒரு காசு செலவில்லாமல், சர்க்கார் சிப்பாய்களால் முடியாதது நடந்தது.

இத்தனை செலவிலும் மிகவும் சொற்பமானதும், பலனில் மிகவும் பெரியதும் எதுவென்று என்னைக் கேட்டால், கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் நடைவழி ஒன்றைக் காட்டுவேன். கல்கத்தாவில் வாந்திபேதிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த வால்டெமார் ஹாஃப்கின் என்ற யூத விஞ்ஞானியை சர்க்கார் அக்டோபரில் பம்பாய்க்கு வரவழைத்து, அந்த நடைவழியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தது. இரவும் பகலும் ஓயாமல் மூன்று மாதம் வேலை நடந்தது. உதவியாளர்களில் ஒருவருக்குச் சித்தம் கலங்கிற்று, இருவர் விலகிக்கொண்டார்கள். 1897 ஜனவரி 10-ஆம் தேதி, தாம் கண்ட தடுப்பு மருந்தை முதலில் தம் உடம்பிலேயே குத்திப் பார்த்துக்கொண்டார் ஹாஃப்கின். பின்பு ஆகா கான் தமக்குச் சொந்தமான ஒரு மாளிகையை ஆராய்ச்சிக்கு விட்டுக்கொடுத்ததோடு, தம் கோஜா சமூகத்தார் அஞ்சாதிருக்கும்பொருட்டுப் பலர் முன்னிலையில் தாமே ஊசி போட்டுக்கொண்டார். கவர்னரின் மனைவி ஒருவர் வாந்திபேதியில் இறந்தபின் கைவிடப்பட்டுக் கிடந்த பரேல் அரண்மனைக்கு 1899 ஆகஸ்டில் அந்த ஆராய்ச்சிசாலை குடிபெயர்ந்தது. இன்றும் ஹாஃப்கின் பெயரால் அங்கேயே நடக்கிறது. 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் இசிவு நோயால் மாண்டதும், அப்பழியை ஹாஃப்கின் பல வருஷம் சுமந்து பின்னர் விடுபட்டதும் தனிக் கதை. அதைப் பிறிதொரு முறை சொல்லுவேன்.

மிகப் பெரிய செலவு 1898-இல் தொடங்கிற்று. கிளாஸ்கோ நகரத்தின் முன்மாதிரியைப் பின்பற்றி, அவ்வருஷம் நவம்பரில் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஏற்பட்டது. சர்க்காரும் நகரசபையும் நிலங்களை ஒப்படைத்தன. நகரசபை வருஷந்தோறும் தன் வரும்படியில் ஒரு பங்கு கொடுக்கவேண்டும். மிச்சத்துக்குக் கடன் பத்திரம். மேற்குக் கடற்காற்றை நெருக்கடியான பேட்டைகளுக்குள் கொண்டுவருவதற்கென்றே பிரின்சஸ் தெருவும் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடும் வெட்டப்பட்டன. நோக்கம் உயர்ந்தது; ஐயமில்லை. ஆனால் தெருவுக்காக இடித்த வீட்டில் ஓர் அறைக்குள் பத்துப் பேராகக் கிடந்த கூலிக்காரன் எங்கே போனான் என்றால், புதிய கட்டடத்தின் வாடகை கட்டுபடியாகாமல், பக்கத்துத் தெருவில் முன்பே நிரம்பியிருந்த அறைக்குள் பதினோராவது ஆளாக நுழைந்தான். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு என்ற பெயரை ரயில் நிலையப் பலகையில் வாசித்துவிட்டு நான் ஒரு மாலையில் அப்பக்கம் நடந்தபோது, கடற்காற்று உண்மையாகவே வந்தது. சந்துக்குள் இரண்டு அடி திரும்பியதும் நின்றுவிட்டது.

நம் சென்னை ராஜதானியில் சிக்கனமான வேறொரு வழி கையாளப்பட்டது. நோயுள்ள ஊரிலிருந்து வருபவனுக்கு ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்று ஒரு சீட்டைக் கொடுத்து, அவன் போய்ச் சேரும் ஊரில் பத்து நாள் அதிகாரிகள் முன் வந்து முகத்தைக் காட்டும்படி செய்தார்கள். முகாம் கட்டிச் சோறு போட்டு மறித்து வைப்பதைவிட, கிராமத்தில் உள்ள அதிகாரியையும் ஒரு துண்டுக் காகிதத்தையும் கொண்டே காவல் நடந்தது. மைசூர் சமஸ்தானத்தில் 1898 ஆகஸ்டில் நோய் புகுந்தபோது, திவான் சேஷாத்ரி ஐயரின் நிர்வாகம் பெங்களூரில் பிளேக் வேலைக்காக டெலிபோன் கம்பி இழுத்தது. முன்பே திட்டமிட்டிருந்த மல்லேசுவரமும் பசவனகுடியும் பேட்டையை விட்டு ஓடிய குடும்பங்களால் ஊர்களாயின.

எந்த சர்க்காரின் கணக்கிலும் ஏறாத செலவு ஒன்று கோயமுத்தூரில் நிற்கிறது. அந்நகரை இந்த நோய் பற்றியபோது, கடைகளைப் பூட்டி, காடு கரைகளில் குடிசை போட்டுத் தங்கிய ஜனங்கள், திரும்பி வந்து மாரியம்மனுக்குப் புதிதாக ஒரு பெயரும் சூட்டினார்கள். ‘பிளேக் மாரியம்மன் கோயில்’ என்ற பலகையை அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட தெருக்களில் இன்றும் வாசிக்கலாம். நான் பார்த்த ஒரு கோயிலில், ஆடி மாதத்துக் கூழுக்கு அரிசி அளந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம், இந்த அம்மனுக்கு இப்பெயர் எப்படி வந்தது என்று விசாரித்தேன். “எங்க ஆத்தாளோட ஆத்தா காலத்துல வந்த சீக்குங்க சாமி, அப்ப வூட்டுக்கு வூடு காசு போட்டுக் கட்டுனாங்களாம்” என்று சொல்லிவிட்டு, படியைத் தலைதட்டி அளந்து அண்டாவில் போட்டார்.

அடுத்த பகுதியில்: 1918, விஷஜுரம்.